தடுக்கப்படும் எலெக்ட்ரானில் பிறக்கும் கதிர்

மிக வேகமாகச் செல்லும் எலெக்ட்ரான் கனமான அணுவின் கருவை நெருங்கும்போது, கருவின் நேர்மின்னூட்டம் அதைத் தன்பால் இழுத்துப் பாதையை வளைத்து வேகத்தைக் குறைக்கிறது. அவ்வாறு இழக்கப்படும் ஆற்றல் எக்ஸ் கதிராக வெளிப்படுவதே தடைக் கதிர்வீச்சு எனப்படும். கருவின் மின்னூட்டம் மிகுந்தால் கதிர் உமிழ்வும் மிகும் என்பதால், அணு எண் 74 கொண்டதும் 3,400 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகுவதுமான டங்ஸ்டன் இலக்குத் தகடாகப் பயன்படுகிறது. எலும்பைப் படமெடுக்கும் குழாயில் எலெக்ட்ரான்களின் ஆற்றலில் ஏறத்தாழ 1 விழுக்காடே கதிராகிறது. எஞ்சியது வெப்பமாகிவிடுவதால், இலக்கைச் சுழலும் வட்டாக அமைத்து, சூடு ஒரே இடத்தில் குவியாமல் பார்த்துக்கொள்கின்றனர்.

எலெக்ட்ரானின் ஆற்றல் உயர உயரக் கதிராக மாறும் பங்கும் கூடுகிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கான நேரியல் முடுக்கி, நுண்ணலைகளைக் கொண்டு எலெக்ட்ரான்களை 60 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் அல்லது அதற்கும் மேற்பட்ட ஆற்றலுக்கு முடுக்கி இலக்கின்மீது மோதச் செய்கிறது. அந்நிலையில் கதிர்கள் பெரும்பாலும் கற்றை சென்ற திசையிலேயே பாய்ந்து நடுவில் செறிவதால், அதைச் சமன்செய்யக் கூம்பு வடிவ உலோக வடிகட்டி பல கருவிகளில் பொருத்தப்படுகிறது. 1953-இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் இம்முறையில் முதல் சிகிச்சை அளிக்கப்பட்டது. கற்றையை நிறுத்தியதும் எக்ஸ் கதிரும் நின்றுவிடுவது, ஓயாமல் கதிர் உமிழும் கோபால்ட்-60 மூலத்துக்கு இல்லாத சிறப்பாகும்.