அலைநோக்கியின் வாயில்கள்

'உள்ளீடற்ற பேச்சு' என்று நாம் கூறும்போது, உள்ளீடு என்பது ஒன்றனுள் நிறைந்திருக்கும் பொருளைக் குறிக்கின்றது. 'வெளியீடு' என்றவுடன் நூல் வெளியீடே நம் நினைவுக்கு வரும். அறிவியல் தமிழ் இவ்விரு சொற்களையும் எடுத்துக்கொண்டு, கருவியினுள் செல்வதை உள்ளீடு என்றும், அதனின்று வருவதை வெளியீடு என்றும் வழங்கியது. சொற்கள் நன்றாகவே அமைந்துவிட்டன. எனினும் அவை சிறு மயக்கத்தையும் தருகின்றன. உள்ளீட்டு வாயில் என்பது வருவதைப் பெற்றுக்கொண்டு வாளா இருப்பது என மாணவர் எண்ணிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. அளக்க வந்த கருவி, அளக்கப்படும் மின்சுற்றின் ஓர் உறுப்பாகவே மாறிவிடுகின்றது. ஆய்வகங்களில் 'சி.ஆர்.ஓ.' என வழங்கிவரும் அலைநோக்கியைக் கொண்டு இதனை விளக்கலாம்.

1897-இல் ஜெர்மானிய இயற்பியலார் கார்ல் பெர்டினாண்டு பிரவுன் உருவாக்கிய கதிர்க்குழாயே இக்கருவிக்கு மூலமாகும். இன்று பெரும்பாலும் குழாய் போய், எண்முறைத் திரை வந்துவிட்டது. ஆனால் முகப்பிலுள்ள வட்டமான இணைப்பு வாய்கள் மாறவில்லை. இவற்றைப் 'பி.என்.சி.' என்பர். முதலெழுத்து, துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகித் திருப்பும் பயனெட் முறையைச் சுட்டுகின்றது. ஏனைய இரண்டும் இதன் அமைப்பாளர்களான நீல், கான்செல்மன் ஆகியோரின் பெயர்களாம். கால் திருப்பத்தில் இது பூட்டிக்கொள்ளும். நடுவிலுள்ள ஊசி சைகையைச் சுமக்கின்றது; சுற்றியுள்ள உலோக உறை நில இணைப்பாகின்றது.

உள்ளீட்டு வாயின் அருகே '1 மெகாஓம், 20 பிக்கோபாரட்' என்பது போன்ற ஒரு குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். பலரும் படியாது விடும் குறிப்பு இது. ஆனால் கருவி தன்னைப் பற்றித் தரும் வாக்குமூலம் இதுவேயாகும். 2 வோல்ட் தரும் ஒரு மூலத்தின் உள்மின்தடையும் 1 மெகாஓம் எனக் கொள்வோம். கருவியை இணைத்தவுடன் மின்னழுத்தம் இரண்டிற்கும் சமமாகப் பங்கிடப்பட, திரை 1 வோல்ட்டையே காட்டும். திரை பொய் கூறவில்லை. இணைத்த பின் அங்கு இருப்பதைத்தான் கூறுகின்றது. இணைக்குமுன் இருந்ததை அன்று.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. அலையியற்றிகள் பலவற்றின் வெளியீட்டு மின்தடை 50 ஓம். எதிரேயும் 50 ஓம் இருக்கும் என நம்பியே அவற்றுட் பல தம் அளவைக் காட்டுகின்றன. அத்தகைய இயற்றியில் 1 வோல்ட் அமைத்து, 1 மெகாஓம் உள்ளீட்டில் இணைத்தால் திரையில் 2 வோல்ட் தோன்றும். மாணவரோ கருவி பழுதென்று கருதி, செய்முறை ஏட்டில் 1 என்றே எழுதிவிடுவார்! கண்டதை எழுதி, 'ஏன் இரு மடங்கு?' என வினவுவதே இயற்பியல் பயிலும் முறை. சில அலைநோக்கிகளில் 50 ஓம் உள்ளீட்டைத் தெரிவு செய்யும் வசதி உண்டு. அந்நிலையில் பெரும்பாலும் 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதை மறத்தலாகாது.

அதிர்வெண் உயர்ந்தால் கதை வேறாகின்றது. ஒரு மீட்டர் நீளமுள்ள கவச வடம் ஏறத்தாழ 100 பிக்கோபாரட் மின்தேக்குத்திறன் உடையது. கருவியின் 20-ஐச் சேர்த்தால் 120. 1 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இதன் மின்னெதிர்ப்பு ஏறக்குறைய 1,300 ஓம் மட்டுமே. பத்து இலட்சம் ஓம் என்று முகப்பில் எழுதியிருப்பது அங்குப் பொருளற்றதாகிவிடுகின்றது. இக்குறையைப் பெரிதும் தணிக்கவே பத்துக்கு ஒன்று புரோப் பயன்படுகின்றது. அதன் முனையிலுள்ள 9 மெகாஓம், கருவியின் 1 மெகாஓமுடன் சேர்ந்து 10 ஆகின்றது. மின்தேக்குத்திறனின் சுமையும் வெகுவாகக் குறைகின்றது. சைகை பத்தில் ஒரு பங்காகிவிடுவது இதற்கு நாம் தரும் விலை.

இந்தப் புரோப்பைச் சரிசெய்யவே முகப்பில் ஒரு சிறு வெளியீடு வைத்துள்ளனர். பொதுவாக 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை அதில் கிடைக்கும். புரோப்பை அங்குத் தொடுத்து, அலையின் மூலைகள் மழுங்காமலும் கூர்த்து எழும்பாமலும் செங்கோணமாக நிற்கும்வரை சிறு திருகைத் திருப்புதல் வேண்டும். ஒரு நிமிட வேலைதான், செய்வோர் சிலரே.

இனி, உயிருக்கே ஊறு விளைக்கக்கூடிய செய்தி ஒன்று. வழக்கமான அலைநோக்கியில் எல்லா வாய்களின் உலோக உறைகளும் ஒன்றோடொன்று இணைந்து, மின்செருகியின் மூன்றாம் முனை வழியே நிலத்தைச் சேர்கின்றன. ஆகவே புரோப்பின் நிலக் கவ்வியை மின்சுற்றில் விரும்பிய இடத்தில் மாட்ட இயலாது. வீட்டு மின்னிணைப்போடு நேரடித் தொடர்புள்ள மின்சுற்றில் மாட்டினால் அதுவே குறுக்குச்சுற்றாகிவிடும். இதற்கு அஞ்சி, மூன்றாம் முனையைத் துண்டித்துவிட்டு அளப்போரும் உண்டு. இது மிகவும் கொடிய பழக்கம். அவ்வாறு செய்தால் 230 வோல்ட் கருவியின் உலோகப் பெட்டி மீதே வந்து நிற்கும்; குமிழைத் திருப்பப் போன கை அதைத் தொடும். நிலத்தோடு சேராத இரு புள்ளிகளுக்கிடையே அளக்க வேண்டுமாயின், அம்மின்னழுத்தத்தைத் தாங்கவல்ல வேறுபாட்டுப் புரோப்பைப் பயன்படுத்தல் வேண்டும். தாழ்ந்த மின்னழுத்தமாயின், இரு வாய்களிலும் தனித்தனியே அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துக் காட்டும்படி கருவியையே பணிக்கலாம். அதற்கான பொத்தான் பெரும்பாலான கருவிகளில் உண்டு.