வேக்குவம் ஹோஸ்: எங்கிருந்து, எங்கே?

டர்போ பொருத்திய பெட்ரோல் இன்ஜினில் காற்று போகும் பாதை ஒன்றுதான். ஆனால் வழியில் அதன் அழுத்தம் மூன்று விதமாக மாறுகிறது. ஏர் ஃபில்டருக்கும் டர்போவின் கம்ப்ரஸருக்கும் நடுவே எப்போதும் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தம். கம்ப்ரஸரைத் தாண்டி, இன்டர்கூலர் வழியாக த்ராட்டில் வரைக்கும் வரும் பைப்பில் வெளிக்காற்றின் அழுத்தமோ அதற்கு மேற்பட்ட பூஸ்ட்டோ இருக்கும். நல்ல வேக்குவம் அங்கே உண்டாக வழியில்லை. த்ராட்டிலுக்கு அப்பால் இன்டேக் மேனிஃபோல்டில்தான் இரண்டும் மாறி மாறி வருகின்றன. வண்டி ஐடிலில் நிற்கும்போது அங்கே பாதரசக் கணக்கில் 450 முதல் 550 மில்லிமீட்டர் வேக்குவம். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் அதே இடத்தில் 0.5 முதல் 1 பார் வரை பூஸ்ட்.

பானெட்டைத் திறந்தால் தெரியும் மெல்லிய ரப்பர் ஹோஸ் ஒவ்வொன்றும் இந்த மூன்று இடங்களில் ஏதோ ஒன்றின் அழுத்தத்தை இன்னொரு பாகத்துக்குக் கொண்டுபோகிறது. எந்த இடத்திலிருந்து எடுக்கிறது என்பதே முதல் கேள்வி. எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறது என்பதெல்லாம் பிறகு. தொல்லை என்னவென்றால், நிப்பிள்கள் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே பருமன். தப்பான நிப்பிளிலும் ஹோஸ் இறுக்கமாகவே உட்காரும், இன்ஜினும் ஸ்டார்ட் ஆகும், ஐடிலும் சில சமயம் அமைதியாகவே இருக்கும். டர்போ இல்லாத வண்டியில் இப்படி மாற்றி மாட்டினால் ஓட்டம் தடுமாறுவதோடு போகும். டர்போ வண்டியில் பிஸ்டனே உடையலாம்.

முதலில் வேஸ்ட்கேட். டர்பைனுக்குப் போகும் புகையில் ஒரு பங்கைப் பக்கவழியாகத் திருப்பிவிட்டு, பூஸ்ட் அளவு மீறாமல் காக்கும் கதவு அது. அதைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்குள் ஒரு டயாஃப்ரமும் ஸ்பிரிங்கும் உண்டு. பூஸ்ட் ஏற ஏற ஹோஸ் வழியே வரும் அழுத்தம் டயாஃப்ரமைத் தள்ளிக் கதவைத் திறக்கிறது. இந்த ஹோஸுக்கான அழுத்தத்தைக் கம்ப்ரஸரின் வெளியேறு வாயிலிருந்தோ அதை ஒட்டிய பைப்பிலிருந்தோ எடுப்பதே வழக்கம். ஹோஸ் கழன்றால் அல்லது வெடித்தால் கதவு திறக்காது, பூஸ்ட் கட்டின்றி ஏறும். இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திக் காப்பாற்றினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கழன்றால் வண்டி வேகமாகப் போகிறது என்பதால், ஓட்டுபவருக்கு இது கோளாறாகத் தோன்றாமல் சந்தோஷமாகத் தோன்றுவதுதான் இதிலுள்ள ஆபத்து.

வேஸ்ட்கேட் ஹோஸின் நடுவே பூஸ்ட்டைக் கூட்டிக் குறைக்கும் சோலனாய்டு வால்வு இருக்கும். சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் போன்ற வண்டிகளில் அந்த ஹோஸுக்குள்ளேயே நுண்துளையுள்ள சிறு துண்டு ஒன்றைச் செருகியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஹோஸ் பழசாகிவிட்டது என்று வெட்டி எறிந்து புதியதை மாட்டும்போது அந்தத் துண்டும் குப்பைக்குப் போய்விடும். பிறகு வேஸ்ட்கேட் முன்கூட்டியே திறக்கும், பூஸ்ட் பாதியில் நிற்கும், புது ஹோஸ் போட்ட பிறகுதான் வண்டி மந்தமானது ஏன் என்று யாருக்கும் புரியாது. எனவே பழைய ஹோஸை விரலால் நீளவாக்கில் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தூக்கி எறிய வேண்டும்.

ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டரின் ஹோஸ் மேனிஃபோல்டிலிருந்தே வர வேண்டும்; இதற்கு மாற்று கிடையாது. இன்ஜெக்டரின் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் மேனிஃபோல்டின் காற்று. இரண்டுக்கும் இடையே எப்போதும் ஏறக்குறைய 3 பார் வித்தியாசம் இருக்கும்படி ரெகுலேட்டர் பார்த்துக்கொள்கிறது. மேனிஃபோல்டில் 1 பார் பூஸ்ட் வந்தால் பெட்ரோலின் அழுத்தம் 4 பார் ஆக வேண்டும். ஹோஸ் கழன்றுவிட்டால் அது 3 பாரிலேயே நிற்கும், வித்தியாசம் 2 பாராகக் குறையும். இன்ஜெக்டரில் பாயும் அளவு இந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், பெட்ரோல் சுமார் 18 சதவீதம் குறைந்துபோகும். காற்று மிக அதிகமாக வரும் நேரம் பார்த்துப் பெட்ரோல் குறைகிறது. அதன் விளைவு நாக்கிங், தொடர்ந்தால் பிஸ்டனுக்குச் சேதம். அதே ஹோஸ் கழன்ற வண்டி ஐடிலில் சற்றே கூடுதல் பெட்ரோல் குடிக்கும், அவ்வளவுதான். நின்ற இடத்தில் சோதித்தால் பிடிபடாது. இந்த ஹோஸில் டி ஜாயின்ட் போட்டு பூஸ்ட் மீட்டருக்கும் வேறு எதற்கும் கிளை எடுக்கும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. கிளையில் எங்கே கசிந்தாலும் ரெகுலேட்டருக்குப் பொய்ச் செய்தி போகும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் ஹோஸுக்கும் இதே விதி: தனி நிப்பிள், முடிந்த அளவு குட்டையான பாதை.

த்ராட்டில் மூடும்போது தேங்கும் பூஸ்ட்டை வெளியேவிடும் ப்ளோ ஆஃப் வால்வின் தலைப்பகுதிக்கும் மேனிஃபோல்டு அழுத்தமே வேண்டும். த்ராட்டிலை மூடியதும் மேனிஃபோல்டில் வேக்குவம், த்ராட்டிலுக்கு முன்னே பூஸ்ட். இந்த வேறுபாடுதான் வால்வைத் திறக்கிறது. ஹோஸைத் தவறிப்போய் இன்டர்கூலர் பைப்பில் மாட்டினால் இரு பக்கமும் ஒரே அழுத்தம், வால்வு திறக்கவே திறக்காது. தேங்கிய காற்று கம்ப்ரஸரை நோக்கித் திரும்பி அடிக்கும்.

பிரேக் பூஸ்டர், பெட்ரோல் ஆவியைச் சேர்க்கும் கேனிஸ்டர், கிராங்க்கேஸ் காற்றை வெளியேற்றும் பிசிவி ஆகிய மூன்றும் மேனிஃபோல்டின் வேக்குவத்தை நம்பியவை. பூஸ்ட் வரும்போது அவற்றுக்குள் காற்று திரும்பி நுழையக் கூடாது. அதனால் இந்த ஹோஸ்களில் செக் வால்வு இருக்கும். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு செய்யும் வேலைதான், தண்ணீருக்குப் பதில் காற்று. அதன் உடலில் அம்புக்குறி இருக்கும். திருப்பி மாட்டினால் பிரேக் பெடல் கல்லாக இறுகும். பிசிவி பக்கத்து வால்வு பழுதானால் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் புகுந்து ஆயில் சீல்களைத் தள்ளும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கே சில வண்டிகளில் மேலே எழும்பிவிடும்.

இவை எல்லாம் எளிய வண்டியின் கதை. ஹோஸ் பாதை எவ்வளவு சிக்கலாகலாம் என்பதற்கு 1991 முதல் 2002 வரை ஜப்பானில் தயாரான மூன்றாம் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7 நல்ல உதாரணம். பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர்கள் சுழலும் அதன் 1.3 லிட்டர் இன்ஜினில் இரண்டு டர்போக்கள் முறைவைத்து வேலை செய்கின்றன. நிமிடத்துக்குச் சுமார் 4,500 சுற்று வரை முதல் டர்போ மட்டும். அதன் பிறகு இரண்டும் சேர்ந்து. இரண்டாவது டர்போவை முன்கூட்டியே சுழற்றிவைக்க ஒரு வால்வு, அதன் காற்று மேனிஃபோல்டுக்குள் போகாமல் தடுக்க ஒன்று, அப்படித் தடுத்த காற்றை வெளியேவிட ஒன்று, புகையை அதற்கு முழுதாகத் திருப்ப ஒன்று, இவை போக வழக்கமான வேஸ்ட்கேட். அத்தனையையும் இயக்குபவை சோலனாய்டுகளும் ஹோஸ்களும்தான்.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சில வால்வுகளைப் பிடித்துவைக்க வேக்குவம் தேவை, ஆனால் பூஸ்ட் நேரத்தில் மேனிஃபோல்டில் வேக்குவம் ஏது? எனவே ஐடிலில் கிடைத்த வேக்குவத்தை ஒரு சிறு தொட்டியிலும், பூஸ்ட்டை இன்னொரு தொட்டியிலும் சேமித்து, செக் வால்வுகளால் பூட்டிவைத்தார்கள். கூர்மையான யோசனை, பராமரிப்பவரைப் பற்றிய யோசனை அதில் கொஞ்சமும் இல்லை. ஹோஸ் கூட்டம் மேல் மேனிஃபோல்டின் அடியில், சூடு தங்கும் இடத்தில் கிடக்கிறது. ஒரு செக் வால்வு ஒழுகினாலோ, பக்கத்துப் பக்கத்து இரண்டு ஹோஸ்களை மாற்றி மாட்டினாலோ முதல் டர்போ ஒழுங்காக ஓடும், 4,500 சுற்றில் பூஸ்ட் விழுந்துவிடும், மீண்டும் ஏறாது. சரியான நிலையில் பூஸ்ட் மீட்டர் 0.7 பார் காட்டி, மாறும் கணத்தில் 0.55 அளவுக்கு இறங்கி, மறுபடி 0.7 தொட வேண்டும். இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்ட முடியாமல் ஒரே பெரிய டர்போவுக்கு மாறிய உரிமையாளர்கள் ஏராளம்.

டீசல் வண்டியில் விதி மாறுகிறது. டீசல் இன்ஜின் த்ராட்டிலை நம்பி ஓடுவதில்லை என்பதால் மேனிஃபோல்டில் பயன்படும் அளவு வேக்குவம் இல்லை. இன்ஜினே சுழற்றும் வேக்குவம் பம்ப் ஒன்று பிரேக்குக்கும் டர்போவுக்கும் சேர்த்து அதை உண்டாக்குகிறது. ஃபோக்ஸ்வாகனின் 1.9 டிடிஐ போன்ற இன்ஜின்களில் டர்பைனைச் சுற்றியுள்ள அசையும் இறக்கைகளை மூடிப் பூஸ்ட்டைக் கூட்டுவது இந்த வேக்குவம்தான். ஆகவே ஹோஸ் வெடித்தால் பெட்ரோல் வண்டிக்கு நேர் எதிர்: பூஸ்ட் மீறாது, வரவே வராது. பிக்கப் செத்துப்போகும். இந்த வேக்குவத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டில் மூன்று வாய்கள் உண்டு: பம்பிலிருந்து வருவது, டர்போவுக்குப் போவது, வெளிக்காற்றுக்கானது. வாய்களின் குறியைப் பார்க்காமல் மாட்டக் கூடாது.

பாதையைப் பொறுத்தவரை முதல் எதிரி சூடு. டர்பைனின் கூடும் புகை மேனிஃபோல்டும் பல நூறு டிகிரி கொதிக்கும் இடங்கள். ஹோஸ் அவற்றைத் தொடாமல் இருந்தால் போதாது; விலகி, முடிந்தால் தகட்டுக்கு மறுபுறம் போக வேண்டும். இன்ஜின் அசையும், பாடி அசையாது. இரண்டையும் இணைக்கும் ஹோஸுக்கு அதற்கேற்ற தளர்ச்சி விட வேண்டும். வளைவில் மடிந்து அடைபடுவதும், கேபிள் டையை இறுக்கி ஹோஸை நசுக்குவதும் கழன்றுபோவதற்குச் சமமான கோளாறுகள். பூஸ்ட் உள்ள ஹோஸின் முனைக்குக் கிளிப் கட்டாயம். சிலிக்கான் ஹோஸ் சூட்டைத் தாங்கும், பார்க்கவும் அழகு. ஆனால் பெட்ரோல் ஆவிக்கும் ஆயிலுக்கும் அது ஏற்றதல்ல. சுவர் மெல்லியதானால் வேக்குவத்தில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். கேனிஸ்டர், பிசிவி ஹோஸ்களுக்கு அதற்கென்றே செய்த ரப்பரைத்தான் போட வேண்டும்.

கழற்றும் வேலைக்கு முன் போனில் படம் எடுத்து, ஹோஸின் இரு முனைகளிலும் நிப்பிளிலும் ஒரே எண்ணை ஒட்டிவைப்பது பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும். பல வண்டிகளில் பானெட்டின் உட்புறம் வேக்குவம் வரைபடம் ஒட்டியிருக்கும். முன்பே யாரோ கைவைத்த வண்டியென்றால், எடுத்த படத்தைவிட அந்த வரைபடத்தை நம்பலாம். மாட்டி முடித்ததும் இன்ஜினை நிறுத்திவைத்து, கம்ப்ரஸரின் உள்நுழை வாயை டயர் வால்வு பொருத்திய மூடியால் அடைத்து, வண்டியின் வழக்கமான பூஸ்ட் அளவுக்கு மேல் போகாமல் காற்றேற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். சில கசிவுகள் வேக்குவத்தில் மூடிக்கொண்டு பூஸ்ட்டில் மட்டும் திறக்கும். ஐடிலில் காது வைத்துக் கேட்டால் அவை அகப்படாது. முதல் ஓட்டத்தில் ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்காமல் பூஸ்ட் மீட்டரைக் கவனிக்க வேண்டும்.

பிக்கப் குறைந்த டர்போ வண்டியைப் பார்த்ததும் டர்போ போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லும் ஒர்க்‌ஷாப்கள் உண்டு. புது டர்போவுக்குப் பணம் கட்டும் முன், இந்தச் சோப்புத் தண்ணீர் சோதனையைச் செய்து காட்டும்படி வாசகர்கள் கேட்கலாம்.