சேஷராயர் மண்டபத்து வேட்டைக் குதிரைகள்

சேஷராயர் மண்டபம் என்பது திருவரங்கம் அரங்கநாதர் கோயிலில், ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரே அமைந்துள்ள கல் மண்டபம் ஆகும். இது கி.பி. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, விசயநகர - நாயக்கர் கலைப் பாணியில் அமைந்த கட்டடம். இதன் முகப்புத் தூண்களில் பாயும் குதிரைகள்மீது அமர்ந்து வேட்டையாடும் வீரர்களின் சிற்பங்கள் புகழ்பெற்றவை. மக்கள் இதனைக் குதிரை மண்டபம் என்றும் அழைப்பதுண்டு.

ஒவ்வொரு குதிரையும் பின்னங்கால்களை ஊன்றி, முன்னங்கால்களை ஆளுயரத்துக்கு மேல் தூக்கி நிற்கிறது. மேலே இருப்பவன் ஈட்டியைக் கீழ்நோக்கிப் பாய்ச்சுகிறான். அதன் முனையில் புலி. சேணம், கடிவாளம், கழுத்து மணிகள் எல்லாம் கருங்கல்லில் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டுள்ளன. இது வேட்டையா, போரா என்ற ஐயம் பார்ப்பவருக்கு எழலாம். அக்கால அரசர்களுக்கு இரண்டும் வேறு வேறல்ல. வேட்டை என்பது படைக்கான பயிற்சி. குடிகளின் முன் தன் வலிமையைக் காட்டும் வாய்ப்பும்கூட.

புலியை விடக் குதிரையே இங்கு முதன்மையாகச் செதுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. தமிழகத்தின் தட்பவெப்பம் உயர்சாதிக் குதிரைகளை வளர்க்க ஏற்றதன்று. அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவின் ஓர்முசிலிருந்தும் கப்பலில் வந்தவற்றையே அரசர்கள் வாங்கினர். பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் குதிரைகள் வந்திறங்கியதையும், சரியான பராமரிப்பின்றி அவை மடிந்ததையும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதியுள்ளார். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய பின் போர்த்துக்கீசியர் இந்த வணிகத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தனர். விசயநகர அரசே அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர். ஆகவே குதிரைமேல் அமர்ந்திருப்பதே செல்வத்தின் அடையாளம். அதற்கான பொன் குடிகள் செலுத்திய வரியிலிருந்து வந்தது.

இந்தத் தூண்களைப் பார்ப்பவர் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். அடியில் பார்க்க வேண்டும். அங்கே வாளும் கேடயமும் ஏந்திய காலாட்கள் நெருக்கியடித்து நிற்கின்றனர். குதிரையின் தூக்கிய கால்களுக்குக் கீழே முட்டுக் கொடுப்பவை அவர்களுடைய உருவங்களும் கேடயங்களுமே. சிற்பிக்கு இது கல்லின் பாரத்தைத் தாங்கச் செய்த ஏற்பாடு. ஆயினும் காலாட்கள் இல்லாவிட்டால் அந்தச் சீமான் குதிரையோடு சாய்ந்துவிடுவான் என்பது கண்ணுக்கு நேரே தெரிகிறது.

ஐரோப்பாவில் இதே பொருள் வண்ண ஓவியங்களில் இடம்பெற்றது. பிரெஞ்சு ஓவியர் ழான் பப்டிஸ்ட் ஊட்ரி (1686–1755), பதினைந்தாம் லூயி மன்னரின் வேட்டைகளைத் திரைச்சீலைகளாக நெய்வதற்கு வரைந்தார். அவற்றுள் ஒன்றில் மன்னர் காட்டுச் சந்திப்பொன்றில் வேட்டைக்குப் புறப்பட ஆயத்தமாகிறார். பரிவாரமும் குதிரைகளும் நாய்களும் சூழ்ந்துள்ளன. குடியானவரின் குறை அந்தப் படத்தில் இல்லை. வயலில் மேயும் மானைக் கொல்லும் உரிமை அன்றைய பிரெஞ்சு உழவருக்குக் கிடையாது. அது பிரபுக்களின் தனியுரிமை. 1789 ஆகஸ்டில், புரட்சியின் முதல் வாரங்களிலேயே, அந்த உரிமை ஒழிக்கப்பட்டது. உழவரின் மனக்கசப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு இந்த விரைவே சான்று.

தமிழ்நாட்டில் அரசர் வேட்டை மறைந்தாலும் இறைவனின் வேட்டை தொடர்கிறது. விசயதசமியன்று பல கோயில்களில் பரிவேட்டை நடைபெறும். திண்டுக்கல் மாவட்டத்துப் பழனியில் அன்று சுவாமி கோதைமங்கலத்துக்கு எழுந்தருள, அம்பு போடும் நிகழ்ச்சி நடக்கிறது. திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி இராப்பத்தின் எட்டாம் நாள், திருமங்கை மன்னன் வேடுபறி. அது வேட்டை அன்று, வழிப்பறி. எனினும் நம்பெருமாள் தங்கக் குதிரையில் ஏறி, இந்த மண்டபத்தை ஒட்டிய மணல்வெளியில் வையாளி கண்டருள்கிறார். குதிரை பாய்வதுபோல் தோன்றச் செய்வதற்கு, தோளில் சுமப்பவர்கள் முன்னும் பின்னும் ஓடுகின்றனர்.