பழுதுபார்த்த பின்னும் நடுங்கும் கார்: காரணத்தை எங்கே தேடுவது?

தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு சிராங்கூன் சாலை வழியாக வீடு திரும்பும்வரை காரில் ஒரு குறையும் தெரியாது. தீவு விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஏதோ லேசாக உறுத்தும்; சாலைதான் சரியில்லை என்று விட்டுவிடத் தோன்றும். பள்ளி விடுமுறையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்து, மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் வேகமானி 100ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கும். பின்னிருக்கையில் பிள்ளைகள். பத்துமலைக்கு இன்னும் 300 கிலோமீட்டர் இருக்கிறது. போன வாரம்தான் பட்டறையில் பணம் கட்டி எடுத்து வந்த கார் அது.

சிங்கப்பூரில் விரைவுச்சாலைகளின் உச்ச வேகம் 90 கிலோமீட்டர். மலேசிய நெடுஞ்சாலையில் 110. உள்ளூரில் ஒளிந்திருக்கும் கோளாறு எல்லை தாண்டியதும் வெளிப்படுவதற்கு இந்த 20 கிலோமீட்டர் இடைவெளி போதும்.

பழைய கார்களை விடாமல் வைத்திருப்போருக்கு அதற்கான காரணமும் உண்டு. வாகன உரிமைச் சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டுகள். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ்க் கட்டணம் 150,001 வெள்ளியை எட்டியது. புதிய கார் வாங்க முடியாத பலர், இருக்கும் காரின் சான்றிதழை 5 ஆண்டுகளுக்கோ 10 ஆண்டுகளுக்கோ புதுப்பிக்கின்றனர். 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தால் அதன்பின் மறுபடியும் நீட்டிக்க முடியாது. ஆயுள் எண்ணப்பட்ட காருக்கு ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பது வீண்செலவு. பாகத்தை வாங்குவதற்கு முன்பு நடுக்கத்தின் தன்மையைத் தெரிந்துகொள்வதே சிக்கனம்.

முதலில் ஒரு சிறிய கணக்கு. நடுத்தரக் காரின் சக்கரம் ஒருமுறை சுழன்றால் கார் ஏறத்தாழ 2 மீட்டர் நகரும். 90 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பன்னிரண்டரை முறை சுழல்கிறது. ரிம்மின் ஒரு பக்கத்தில் வெறும் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தாலும், அந்த வேகத்தில் அது சுமார் மூன்றரை கிலோ எடைக்குச் சமமான விசையுடன் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தை இழுக்கும். 110ல் அதே 30 கிராமின் விசை ஐந்தரை கிலோவை நெருங்கும். வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்குதான். விசையோ ஒன்றரை மடங்காகிவிடுகிறது. தேய்ந்துபோன ரப்பர் புஷ்கள் உள்ள பழைய காரில் இந்த விசையைத் தாங்கி அடக்க எதுவும் இல்லை. அது நேரே கைக்கும் இருக்கைக்கும் வந்துசேரும்.

எங்கே நடுங்குகிறது என்பது முதல் தடயம். ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரங்கள். இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரங்கள். எப்போது நடுங்குகிறது என்பது அடுத்தது. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போனால் டயர், ரிம், பேலன்சிங் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வந்தால் பிரேக் டிஸ்க். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வந்து, காலை எடுத்ததும் அடங்கினால் டிரைவ் ஷாஃப்டின் உள்மூட்டு. கார் நிற்கும்போதே எஞ்சினை முடுக்கினால் நடுங்குகிறது என்றால் சக்கரத்தை விட்டுவிட்டு எஞ்சின் மவுண்டிங்கைப் பார்க்கவேண்டும். இவற்றைக் கவனித்துக் குறித்துக்கொள்ள, பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது; ஓட்டுபவர் கைப்பேசியைத் தொடக்கூடாது.

அடுத்த கேள்வி, பட்டறையில் கடைசியாகக் கை வைத்தது எதில் என்பது. பழுதுபார்த்தபின் தொடங்கிய நடுக்கத்துக்கு அதுவே நல்ல தொடக்கப்புள்ளி. பிரேக் வேலை, சஸ்பென்ஷன் வேலை எதுவானாலும் சக்கரத்தைக் கழற்றித்தான் செய்திருப்பார்கள். மழையும் ஈரப்பதமும் உள்ள ஊரில் பத்து வயதுக் காரின் ஹப்பில் துரு படிந்திருப்பது சாதாரணம். அதைச் சுரண்டித் துடைக்காமல் டிஸ்க்கையோ ரிம்மையோ வைத்து முடுக்கினால், அது மயிரிழை சாய்வாக உட்காரும். நட்டுகளை ஒரே பக்கமாக வரிசையில் முடுக்கினாலும் இதே கதைதான். நட்சத்திர வடிவில், எதிரெதிராக, அளவுகோல் உள்ள டார்க் ஸ்பேனரால் முடுக்கவேண்டும். டொயோட்டா கொரோலா போன்ற காருக்கு அந்த அளவு 103 நியூட்டன் மீட்டர். காற்றுத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று முடுக்கிவிட்டு அனுப்பும் பட்டறைகளில் இந்த எண்ணைக் கேட்டால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கேட்பது தவறில்லை.

மாற்று ரிம் பொருத்தியிருந்தால் நடுத்துளையை ஹப்போடு இறுகப் பொருத்தும் வளையம் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சிறிய பிளாஸ்டிக் வளையம்தான். கழற்றி மாட்டும்போது எளிதில் தொலைந்துவிடும்.

பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்று பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும். அலைன்மென்ட் தவறினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். அதனால் மட்டும் பொதுவாக இப்படி நடுங்காது. எனவே ‘அலைன்மென்ட் செய்துவிட்டோமே’ என்பது நடுக்கத்துக்கான பதில் ஆகாது. ‘பேலன்சிங் செய்துவிட்டோமே’ என்பதும் சில நேரங்களில் முழுப்பதில் ஆவதில்லை. வளைந்த ரிம்மையும் வட்டம் கெட்ட டயரையும் எடைக்கட்டி ஒட்டிச் சமன்செய்துவிட முடியும்; சாலையில் பாரம் ஏறியதும் அவை மீண்டும் துள்ளும். நீண்ட நாள் ஓட்டாமல் நிறுத்திவைத்த காரின் டயர் அடியில் தட்டையாகியிருக்கலாம். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் அதன் வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம்.

செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. நான்கு டயர்களும் ஒரே அளவாக இருந்தால், முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்சக்கரங்களை முன்னுக்கும் மாற்றி ஓட்டிப் பார்ப்பது. ஸ்டியரிங்கில் இருந்த நடுக்கம் இருக்கைக்கு இடம்மாறினால் கோளாறு சக்கரத்தில். அசையாமல் அங்கேயே இருந்தால் ஹப், டிஸ்க், சஸ்பென்ஷன் பக்கம். ஒருமுறை ஒரு மாற்றம் மட்டுமே செய்யவேண்டும். மூன்றை ஒன்றாகச் செய்தால் நடுக்கம் நின்றாலும் எது காரணம் என்று தெரியாது.

ஒன்றை மட்டும் சோதித்துப் பார்க்க நேரம் கொடுக்கக்கூடாது. குறைந்த வேகத்திலேயே ஆட்டம் தொடங்கி நாளுக்கு நாள் கூடினால், அல்லது ‘டக் டக்’ சத்தம் சேர்ந்தால், நட்டு தளர்ந்திருக்கலாம். விரைவுச்சாலையில் இருந்தால் அடுத்த வெளிவழியில் இறங்கி நிறுத்திப் பார்க்கவேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்ப்பது நல்ல பட்டறைகளின் வழக்கம். எல்லை கடக்கும் பயணத்தை அதற்கு அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

பட்டறைக்குத் திரும்பும்போது ‘கார் நடுங்குகிறது’ என்று மட்டும் சொன்னால், பெரும்பாலும் மறுபடியும் பேலன்சிங் செய்துதான் அனுப்புவார்கள். ‘95ல் தொடங்குகிறது, ஸ்டியரிங்கில், பிரேக் போடாமலே’ என்று சொல்லி, மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டலாம். வேலை விவரம் எழுதிய ரசீதைப் பத்திரப்படுத்தவேண்டும். பேசித் தீராத தகராறு என்றால் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. அங்கேயும் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.