மூன்று மாதக் கணக்கு பிள்ளைத்தாய்ச்சிக்குப் பொருந்துமா?

குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்துப் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு சோதனை செய்வார்கள். கர்ப்பத்தில் சீனி வருத்தம் இருப்பதை அது சொல்லிவிடும். அதன்பின் பிரசவம் வரை சீனி கட்டுக்குள் நிற்கிறதா என்பதை எதைக் கொண்டு அறிவது? கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் எல்லோருக்கும் பழகிப்போனது ‘மூன்று மாதச் சீனி’ எனப்படும் ஏ1சி சோதனை. வாப்பாவுக்கும் உம்மம்மாவுக்கும் அது நல்ல சோதனைதான். பிள்ளைத்தாய்ச்சிக்கு அதை மட்டும் நம்பக் கூடாது என்பதே என் வாதம்.

ஹீமோகுளோபினில் எவ்வளவு சீனி ஒட்டியிருக்கிறது என்பதே ஏ1சி. செங்குருதிக் கலம் சுமார் 120 நாள் வாழும் என்ற நம்பிக்கையில் நிற்கும் கணக்கு அது. கர்ப்பத்தில் அந்த ஆயுள் குறைந்து புதுக் கலங்கள் பெருகுவதால், சீனி ஒட்ட அவகாசமின்றி ஏ1சி தானாகவே இறங்கும். இரும்புச்சத்துக் குறைந்து குருதிச்சோகை வந்தாலோ எதிர்மாறு: சீனி கூடாமலே ஏ1சி கூடும். மருத்துவமாது கொடுத்த இரும்பு மாத்திரையைத் தாய் ஒழுங்காக விழுங்கத் தொடங்கியதும் மறுபடி இறங்கும். ஒரு பிடி சோறும் குறையாமலே, “சீனி நல்லாக் கொறஞ்சிட்டு” என்று வீட்டார் மகிழ இது போதும். போதாததற்கு, அது ஒரு சராசரி. பகல் சோற்றுக்குப் பிறகு 180க்கு ஏறி விடியலில் 75க்கு இறங்கும் சீனியைச் சமப்படுத்திக் காட்டிவிடும். தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், இன்சுலின் போகாது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பிள்ளையின் கணையமே இன்சுலின் சுரக்க, பிள்ளை அளவுமீறிப் பருக்கிறது. 9 நாடுகளில் 23,000க்கும் அதிகமான கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஹாப்போ ஆய்வின் தரவுகளைப் பின்னர் அலசியபோதும், பிள்ளையின் எடையோடு ஏ1சியைவிடக் குளுக்கோஸ் அளவுகளே நெருங்கிப் பொருந்தின.

அப்படியானால் ஏ1சி வேண்டவே வேண்டாமா? தொடக்கத்தில் வேண்டும். முதல் கிளினிக்கிலேயே 6.5 வீதமோ மேலோ இருந்தால் அது பெரும்பாலும் முன்பே இருந்த நீரிழிவு. கிளைக்கேற்றட் அல்புமின் என்றொரு சோதனையும் பேசப்படுகிறது. இரண்டு மூன்று வாரக் கணக்கு. குருதிச்சோகை அதைக் குழப்பாது. ஆனால் கர்ப்பத்தில் அல்புமினே குறையும், எல்லோரும் ஒப்பிய கர்ப்பகால எல்லையும் அதற்கு இன்னும் இல்லை. ஆக, விரல் குத்திப் பார்ப்பதுதான் மிஞ்சுகிறது: வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 120க்குக் கீழ். ஸ்ட்ரிப் விலை சுமைதான், மறுக்கவில்லை. எத்தனை தடவை பார்ப்பது என்பதை வைத்தியரோடு பேசிக் குறைக்கலாம். காலையில் மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது சிக்கனம் ஆகாது.

நோன்பு நேரம் விரல் குத்தலாமா என்ற தயக்கம் இன்னொன்று. அதனால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களிடம் பரவலான கருத்து. கர்ப்பிணி நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யவும் மார்க்கத்தில் சலுகை உண்டு. அப்படியும் நோற்கும் தாய், சீனி 70க்குக் கீழே இறங்கினால் மஃரிப் வரை காத்திராமல் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும்.