வாயாடி

வாயாடி என்பது அளவுக்கு மீறிப் பேசுபவரை, அல்லது துடுக்காக எதிர்த்துப் பேசுபவரைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல் ஆகும். ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'மவுத்தி' என்னும் பெயரடை ஏறக்குறைய இதே பொருளைத் தருகிறது.

சொல்லமைப்பு

'வாய்', 'ஆடு' என்னும் சொற்களுடன் 'இ' விகுதி சேர்ந்து வாயாடி ஆயிற்று. 'மவுத்தி'யும் வாயைக் குறிக்கும் 'மவுத்' என்பதிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் உருவானது. உதட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த 'லிப்பி'யும் இவ்வகையினதே. ஆங்கிலச் சொற்கள் பெயரடைகள்; வாயாடி பெயர்ச்சொல். எனினும் 'வாயாடிப் பெண்' என அடையாகவும் வரும்.

நெருங்கிய சொற்கள்

வாய்த்துடுக்கு: மரியாதையின்றிப் பேசுதல்.
வாய்ச்சவடால்: செயலின்றி வீறாப்புப் பேசுதல்.
வளவளப்பு: பயனின்றிப் பேச்சை நீட்டுதல். திருக்குறளின் 20ஆம் அதிகாரமான 'பயனில சொல்லாமை' இதையே கண்டிக்கிறது.

பயன்பாடு

இலக்கணப்படி வாயாடி இருபாலுக்கும் பொதுவானது. வழக்கில் பெரும்பாலும் பெண்களையும் சிறுமியரையுமே சுட்டுகிறது. குழந்தையிடம் செல்லமாகவும், வளர்ந்த பெண்ணிடம் வசையாகவும் ஒலிக்கும். நியாயம் கேட்கும் பெண்ணின் வாயை அடைக்கவும் இச்சொல் பயன்படுகிறது. மாறாக, 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்னும் பழமொழி பேச்சைப் பிழைக்கும் வழியாகப் பாராட்டுகிறது.

உப்பு விற்ற பெண்கள்

பேச்சே பிழைப்பாக இருந்ததற்கு உப்பு வணிகம் பழைய சான்று. விழுப்புரம் மாவட்டத்தின் உப்பளக் கரையான மரக்காணத்தை, சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமாக ஆய்வாளர்கள் அடையாளம் காண்கின்றனர். உப்பு வணிகரை உமணர் என்றும், அவர்குலப் பெண்களை உமட்டியர் என்றும் அந்நூல் குறிப்பிடுகிறது.

உப்பு விற்கும் பெண் தெருத்தெருவாகக் கூவி, உப்புக்கு நெல்லை மாற்றுவதை அம்மூவனார் அகநானூற்றின் 140, 390ஆம் பாடல்களில் காட்டுகிறார். 390ஆம் பாடலில் தலைவன் அவளை வழிமறித்து, அவள் உடலின் உப்புக்கு என்ன விலை எனக் கேலி பேசுகிறான். தன்னைத் தடுக்கும் நீ யார் என அவள் புன்னகையுடன் திருப்பிக் கேட்டு விலகுகிறாள். பாடல் அவளைப் பழிக்கவில்லை. அவளது பார்வையையும் சிரிப்பையும் வியந்தே சொல்கிறது. இன்றைய வழக்கில் அத்தகைய பதிலுக்கு வாயாடி என்னும் பெயரே எளிதில் கிடைக்கும். எனவே இச்சொல்லின் பொருள் எவ்வளவு பேசப்பட்டது என்பதை மட்டுமன்றி, பேசியவர் யார் என்பதையும் சார்ந்தது.