காட்சிக்கு எழுதுதல்: திரைக்கதையும் பிற எழுத்துகளும்

எழுத்துத் துறைகளுள் மிக எளியதாகக் கருதப்படுவது திரைக்கதை. கவிதைக்கு யாப்பறிவு வேண்டும், மார்க்கக் கட்டுரைக்கு ஆதாரம் வேண்டும், திரைக்கதைக்கோ பேசத் தெரிந்தால் போதும் என்று கற்றவர்களும் எண்ணுகின்றனர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அரபுக் கல்லூரி ஆண்டு விழாவுக்கென ஒரு சிறு நாடகம் எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தபோதுதான் அவ்வெண்ணம் கலைந்தது.

தங்கைக்கு உரிய வாரிசுப் பங்கைக் கொடாமல் காலந்தாழ்த்தும் அண்ணன் ஒருவன் மனம் திருந்துவதே கதை. 'அவன் உள்ளம் நடுங்கியது. மறுமை விசாரணை அவன் கண்முன் நின்றது' என எழுதியிருந்தோம். அண்ணனாக நடிக்கவிருந்த மாணவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "ஹஜ்ரத், உள்ளம் நடுங்குவதை நான் எப்படிச் செய்து காட்டுவது?" என்று கேட்டார். நம்மிடம் மறுமொழி இல்லை.

ஏட்டில் எழுதுபவர் ஒருவனின் நெஞ்சுக்குள் நேரே நுழைந்து அங்குள்ளதை எடுத்துரைக்கலாம். வேண்டுமெனில் கதையை நிறுத்திவிட்டுத் தம் கருத்தையும் கூறலாம். மேடைக்கும் திரைக்கும் எழுதுபவருக்கு இவ்வுரிமைகள் இல்லை. கண்ணும் காதுமாகிய இரு வாயில்களின் வழியாகவே அவர் அனைத்தையும் அனுப்பியாக வேண்டும். மேடையிலாவது நீண்ட பேச்சு ஓரளவு கைகொடுக்கும். திரையில் முகம் மிக அருகில் தெரிவதால், முகம் கூறிவிட்டதை வாயும் கூறினால் அது மிகையாகிவிடுகிறது.

இதற்கு நம் கோவையிலேயே நல்ல சான்று உண்டு. துடியலூரிலிருந்து நாள்தோறும் நகருக்குள் செல்லும் இன்றைய இளைஞர்கள் பலர் அறியாத செய்தி, அந்நகரில் ஒரு காலத்தில் சென்ட்ரல், பட்சிராஜா என இரு பெரும் படப்பிடிப்பு நிலையங்கள் இயங்கின என்பது. பட்சிராஜாவின் உரிமையாளர் ஸ்ரீராமுலு நாயுடு, நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் 'மலைக்கள்ளன்' நாவலை 1954இல் படமாக்கினார். கதாநாயகனாகிய எம்.ஜி.ஆர். அதில் மலைக்கள்ளனாகவும், அப்துல் ரஹீம் என்னும் வணிகராகவும் தோன்றுகிறார். இருவரும் ஒருவரே.

நாவலாசிரியர் இத்தகைய இரகசியத்தைத் தாம் விரும்பும் பக்கம் வரை காத்து வைக்கலாம். சொல்லுக்கு முகம் இல்லை. அப்துல் ரஹீம் என்று எழுதினால் வாசகர் அப்துல் ரஹீமையே காண்பார். திரையிலோ, எந்த ஒப்பனையும் மக்கள் நன்கறிந்த ஒரு முகத்தை எவ்வளவு நேரம் மறைத்துவிடும்? அவர் தோன்றிய கணத்திலேயே அரங்கம் அறிந்துகொள்ளும். ஆகவே 'இவர் யார்?' என்னும் வினாவால் கதையை நடத்த இயலாது. 'இது மற்றவர்களுக்கு எப்போது தெரியவரும்?' என்னும் வினாவுக்கு மாறிக்கொள்ள வேண்டும். நாவலின் ஒரு பக்கத்தைக்கூட அப்படியே காட்சியாக்க இயலாமற்போவது இதனால்தான். இதே கதையை நாயுடு 1955இல் 'ஆசாத்' என இந்தியில் எடுத்தபோது திலீப்குமார் நடித்தார். யூசுஃப் கான் என்னும் இயற்பெயர் கொண்ட ஒரு முஸ்லிம், இந்துக் கதாநாயகனாகி, அக்கதாநாயகன் முஸ்லிம் பெரியவராக வேடமிடுவதையும் நடித்துக் காட்டிய விந்தை அது!

'மலைக்கள்ள'னுக்கு உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி. ஏழாண்டுகளுக்கு முன் சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவான 'ராஜகுமாரி'யில் (1947) அவர் பெயர் 'உதவி' என்ற அளவிலேயே இடம்பெற்றது. நூலுக்கு மேலட்டையில் ஆசிரியர் பெயர் இருக்கும். திரையெழுத்திலோ எழுதியவரை எவரும் தேடுவதில்லை. 'நாடோடி மன்னன்' (1958) படத்துக்குக் கண்ணதாசனுடன் உரையாடல் எழுதிய ரவீந்தர், நாகூரைச் சேர்ந்த காஜா மொகிதீன் என்பதை நம் சமுதாயத்தில் எத்தனை பேர் அறிவர்?

இனி, மாணவரின் கேள்விக்கு வருவோம். அதற்கான விடை நாம் ஆண்டுதோறும் நடத்தும் ஹதீஸ் பாடத்திலேயே இருந்தது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம். பெரும் பாவங்கள் குறித்து அபூபக்ரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. இணைவைத்தல், பெற்றோருக்கு மாறு செய்தல் ஆகியவற்றைக் கூறிய நபி (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியம் பற்றிக் கூற வந்தபோது, சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து அமர்ந்தார்கள் என்கிறார் அறிவிப்பாளர். அவர்கள் அதனைத் திரும்பத் திரும்பக் கூறியதையும், போதுமே எனத் தோழர்கள் ஏங்கியதையும் சேர்த்தே அறிவிக்கிறார். நபியவர்கள் மிகவும் கவலையுற்றார்கள் என்று அவர் விளக்கவில்லை. சாய்ந்திருந்ததையும் அமர்ந்ததையும் மட்டுமே கூறினார். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அக்கவலை நமக்கு எட்டுகிறது. விரல்களைக் கோத்துக் காட்டியவாறே கூறப்பட்ட ஹதீஸை, அறிவிப்பாளர்கள் வழிவழியாகத் தாமும் விரல் கோத்தே அறிவித்துவந்த 'முஸல்ஸல்' மரபும் நமக்குண்டு. சொல்லோடு செயலையும் ஒப்படைக்க வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அம்மரபைக் கற்பிக்கும் நாமோ நாடகம் எழுத அமர்ந்ததும் பயானை எழுதிவிட்டோம்.

திரைக்கதையின் கட்டுப்பாடுகளை உச்ச அளவில் சந்தித்த படைப்பு எதுவென்று கேட்டால், சிரியாவில் பிறந்த முஸ்தஃபா அக்காத் இயக்கி 1976இல் வெளிவந்த 'அர்ரிஸாலா'வைத்தான் சொல்வோம். நபி (ஸல்) அவர்களின் வரலாறு அது. ஆயினும் அவர்களின் உருவம் தோன்றலாகாது, குரலும் ஒலிக்கலாகாது. கதையின் நடுநாயகரே காட்சியில் இல்லை. எழுதியவர்கள் என்ன செய்தனர்? ஒளிப்படக் கருவியையே அவர்களின் பார்வைக்குரிய இடத்தில் நிறுத்தினர். எதிரில் நிற்பவர் அதனை நோக்கிப் பேசுகிறார், செவிமடுக்கிறார், பின்னர் தாம் கேட்டதைப் பிறருக்கு எடுத்துரைக்கிறார். இத்தகைய படம் கூடுமா கூடாதா என்பதில் அறிஞர்களிடையே இருந்த கருத்து வேறுபாடு வேறு பொருள். எழுத்தின் நோக்கில் கவனிக்க வேண்டியது, அரபு எழுத்தாளர்களுள் ஒருவராகத் தவ்ஃபீக் அல்ஹகீமின் பெயர் அதில் இருப்பது. அவர் 1936இலேயே நபிகளாரின் வாழ்வை முழுவதும் உரையாடல் வடிவில் நூலாக்கியவர். ஏட்டில் நபியவர்களின் கூற்றை அவரால் நேரே எழுத முடிந்தது. திரைக்கென வந்தபோது அதே வரலாற்றில் அக்கூற்றுகளுக்கு இடமில்லை. உருவம் அரபாயினும் தமிழாயினும், உரைநடையில் இத்தகைய நெருக்கடி எவருக்கும் நேர்வதில்லை.

மற்றோர் இடர்ப்பாடு மொழி. கட்டுரையில் 'தந்தை' என எழுதிவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம். திரையில் ஒரு மகன் தந்தையை அழைத்தாக வேண்டும். கோவையில் ராவுத்தர் வீட்டில் அவர் 'அத்தா'. கேரளத்திலிருந்து வந்து குடியேறிய மாப்பிள்ளை வீட்டில் 'உப்பா' அல்லது 'வாப்பா'. உருது பேசும் வீட்டில் வழக்கு வேறு. ஒரே தெருவில் மூன்று வீடுகள், மூன்று அழைப்புகள். எந்த வீடு என்று முடிவு செய்யாமல் ஒரு வரிகூட எழுத இயலாது. இதனை அறியும் சிரமத்தை மேற்கொள்ளாமையால்தான், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களையும் 'நம்பள், நிம்பள்' என்று பேச வைத்த படங்கள் பல வந்தன. அதற்காக நாம் வருந்துவது நியாயமே. ஆனால் நம் வீட்டுப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு எழுதிக் கொடுக்க நம்மில் எத்தனை பேர் முன்வந்தோம்? மேடைப் பேச்சில் வல்லவர்கள் நம்மிடையே ஏராளம். அடுக்களையில் உம்மா பேசுவதை உள்ளபடி எழுதத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

நாடகத்தை மீண்டும் எழுதினோம். அண்ணனின் நீண்ட மனமாற்றப் பேச்சை முழுவதும் அடித்துவிட்டோம். அவன் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுக்கிறான். மீண்டும் உள்ளே வைக்கிறான். தங்கை தேநீர்க் குவளையை அவனருகே வைத்துவிட்டு ஒன்றும் கேளாமல் செல்கிறாள். அவன் தேநீரைத் தொடாமல் பத்திரத்தை எடுத்து அவள் சென்ற திசையில் நடக்கிறான். நடித்த மாணவருக்கு இம்முறை ஐயம் எதுவும் எழவில்லை. தங்கையை மேடைக்குக் கொண்டுவராமல், வாசற்படியில் வைக்கப்படும் குவளையாலேயே உணர்த்த நேர்ந்தது எமக்கு வாய்த்த சிறு 'அர்ரிஸாலா' எனலாம்.

விழா முடிந்ததும் மஹல்லாப் பெரியவர் ஒருவர் நம்மை நிறுத்தி, "எல்லாம் சரி ஹஜ்ரத், ஓர் ஆயத்துகூட வரவில்லையே? அவளுக்கு எவ்வளவு சேரும் என்று யாருக்குத் தெரியும்?" என்றார். அக்குறையை நம்மால் மறுக்க இயலவில்லை. தாயும் ஒரு மகனும் ஒரு மகளும் மட்டுமே வாரிசுகளாயின், அந்நிஸா அத்தியாயம் வகுத்தபடி தாய்க்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. ஆக, 24 பாகங்களில் தாய்க்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. இதனை எந்த நடிகரின் முகமும் காட்டாது. அடுத்த வாரம் இக்கணக்கை ஒரு பக்கக் கட்டுரையாக எழுதி, ஜும்ஆவுக்கு வந்தவர்களிடம் படியெடுத்துக் கொடுத்தோம்.